மஞ்சள் பட்டையின் ரத்தம்

பஞ்சுவுக்குக் கிட்னி கெட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்ல டாக்டரம்மாவே ஜீப்பில் வந்தார்.

சாயந்திர நேரம். செங்கல் சூளையில் கல் அறுத்துவிட்டு வந்து, லைன் வீடுகளுக்கு முன்னால் இருந்த ஒற்றைக் குழாயில் முறைவைத்துச் சேறு கழுவிக்கொண்டிருந்தோம். ஆராய்ச்சி ஜீப் வந்தால் வழக்கமாகப் போய்ச் சுற்றி நின்றுகொள்வோம். பிஸ்கட், சோப்பு என்று ஏதாவது கொடுப்பார்கள். அன்றைக்கு அந்தம்மாவின் முகத்தைப் பார்த்ததும் யாரும் கிட்டே போகவில்லை.

நேராக அக்காவின் அறைக்குத்தான் போனார். அக்கா என்றால் பஞ்சுவின் கூடப்பிறந்தவள். அவளுக்கு எங்களில் பாதிப்பேரைவிட வயது குறைவு, ஆனாலும் எல்லோருக்கும் அவள் அக்காதான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியோடு எழுந்து நின்றாள். டாக்டரம்மா பதறாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். கிட்னி வெளியே தள்ள வேண்டிய கழிவு பஞ்சுவின் ரத்தத்தில் தேங்கத் தொடங்கியிருக்கிறது. இனி அவன் வெயிலில் ஒரு கல்கூட அறுக்கக்கூடாது. இப்போதே ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்க வேண்டும். செலவெல்லாம் அவர்களுடையது.

பஞ்சு குழாயடியிலிருந்து தலை சொட்டச் சொட்ட வந்தான்.

"எனக்கா? நான் என்னைக்கு வேலை பாத்தேன், கெட்டுப்போறதுக்கு?" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அவன்தான் கொஞ்ச நேரம் சிரித்தபடியே நின்றான், பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனான்.

உள்ளே அக்காவின் புருஷன் சுவரோரம் படுத்திருந்தான். இடுப்பைச் சுற்றி ஒரு வேட்டித் துணியை இறுக்கிக் கட்டியிருந்தான். வெளியே பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. பஞ்சு கேட்கும் முன்பே தன் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் பட்டையின் பொத்தானைக் கழற்றி நீட்டினான். பஞ்சு தன் கையில் இருந்த நீலப் பட்டையைக் கழற்றி அவனிடம் கொடுத்தான். அதன் பிறகுதான் சட்டையைத் தேடினான்.

இந்தப் பட்டை விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வெயிலில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்குச் சர்க்கரையும் இல்லாமல் ரத்தக்கொதிப்பும் இல்லாமல் கிட்னி ஏன் போகிறது என்று பார்க்கத்தான் டாக்டரம்மாவின் ஆட்கள் எங்கள் சூளைக்கு வந்தார்கள். இருந்த இரண்டு களங்களுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஒரு களத்துக்கு நீலப் பட்டை. அவர்களுக்குப் பந்தல், குடிக்கத் தண்ணீர் டிரம், மணிக்கொரு தரம் விசில். விசில் அடித்தால் அச்சைக் கீழே வைத்துவிட்டுப் பந்தலுக்குள் போய்விட வேண்டும். இன்னொரு களத்துக்கு மஞ்சள். அவர்கள் எப்போதும்போல வேலை பார்க்கலாம், அடுத்த பருவத்தில் அவர்களுக்கும் பந்தல் உண்டு என்றார்கள். பருவம் முடிந்ததும் இரண்டு களத்து ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நிழலும் தண்ணீரும் கிட்னியைக் காப்பாற்றுகிறதா என்று தெரிந்துவிடும். முதலில் பிளாஸ்டிக் பட்டைதான் போட்டார்கள். அது சேற்றில் ஊறி அறுந்துபோனதால் பொத்தான் வைத்த துணிப்பட்டை தைத்துக் கொடுத்தார்கள். அச்சு பிடிக்கிறவர்களுக்கு மட்டும்தான் பட்டை. மண் குழைத்து உருட்டிக் கொடுக்கிற பெண்களுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் கிடையாது. முதல் கூட்டத்திலேயே அக்கா எழுந்து, ஏன் மேடம், எங்களுக்கெல்லாம் கிட்னி வைக்காமலே அனுப்பிவிட்டார்களா என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்தார். பிறகு, ஆராய்ச்சிக்குக் கொடுத்த காசு இவ்வளவுதான், அடுத்த முறை சேர்க்கப் பார்க்கிறேன் என்றார்.

அக்காவின் புருஷனுக்கு நீலம் விழுந்தது, பஞ்சுவுக்கு மஞ்சள். அதுதான் வம்பு.

எங்களிடையே அவனுக்கு மெஷின் என்று பெயர். மண் உருண்டை அச்சில் விழுகிற சத்தமும், மேல்மண் வழிக்கிற சத்தமும், அச்சைத் தூக்குகிற சத்தமும் அவனிடம் ஒன்றாகவே கேட்கும். அப்படிப்பட்டவனை ஒரு நாள் முழுக்க விசிலுக்கு விசில் பந்தலில் உட்காரவைத்தார்கள். எதிர்க்களத்து ஆட்கள், புதுப்பெண்ணுக்குக் கால் வலிக்கப்போகிறது, யாராவது விசிறுங்கப்பா என்று கத்தினார்கள். கூலியோ கல் கணக்கு. ஓய்வெடுத்தால் கை வேகமாக ஓடும், கல் குறையாது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மஞ்சள் களத்துக்கு வந்து பஞ்சுவின் முன்னால் நின்றான்.

பஞ்சுவுக்கு மறுக்க என்ன இருக்கிறது? அவன் ஒரு கல்லுக்கு ஒரு பாட்டுப் பாடுகிறவன். பந்தல் என்றால் அவனுக்குப் பரிசு விழுந்த மாதிரி. பட்டை மாறியது, இடம் மாறியது. மெஷினுக்கு மண் குழைக்கிற அக்காவும் அவனோடு மஞ்சள் களத்துக்குப் போனாள். பஞ்சுவுக்கு மண் கொடுக்கிற நான் அவனோடு நிழலுக்கு வந்தேன். மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அவருக்குக் கல் வந்தால் சரி.

பருவத்தின் நடுவில் ரத்தம் எடுத்தார்கள். எடுக்கிறவருக்கு நாங்கள் கொசு என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கே தெரியும், கோபிக்க மாட்டார். வேலை முடிந்து வருகிற வழியிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். வரிசையில் வருகிற எல்லோரும் தலைமுதல் கால்வரை மண். ஒரே அச்சில் அறுத்துப் போட்ட மாதிரி இருப்போம். அவர் மூஞ்சியைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டைப் பிடிப்பார், பட்டையில் இருக்கிற எண்ணைக் குழாயில் எழுதுவார், குத்துவார். பட்டை என்பது நிழலுக்கான சீட்டு என்றுதான் எங்கள் மனதில் இருந்தது. ரத்தமும் அந்தப் பட்டையின் பேரில்தான் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தன்னுடைய மஞ்சள் பட்டையைப் போட்டுக்கொண்டு பஞ்சு ஜீப்பில் ஏறிப் போனான்.

*

அக்கா அழுதது அன்று இரவு மட்டும்தான். மறுநாள் வேலைக்கு வந்துவிட்டாள். அம்மா இல்லாமல் அவள் கையில் சோறு தின்று வளர்ந்தவன் பஞ்சு. அவன் தட்டில் முட்டை வைத்துவிட்டுத் தனக்கு இல்லை என்று சொல்லிப் பழகியவள் அவள். நிழலில் இருந்தவனுக்கே இப்படி என்றால் யாருக்குத்தான் இந்த ஆராய்ச்சியால் பிரயோசனம் என்று பக்கத்து அறைக்காரியிடம் ஒரு தடவை கேட்டாள்.

பஞ்சு குடித்த தம்ளரைப் பானை மேலிருந்து எடுத்து யாரோ தூரப் போட்டிருந்தார்கள். தொற்றுகிற நோய் இல்லை என்று டாக்டரம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இருந்தாலும் போன பருவத்தில் இங்கிருந்து போனவன் ஒருவன் இருந்தான். நல்ல வேலைக்காரன். கிட்னிக்காரன் என்று பெயர் விழுந்த பிறகு எந்தச் சூளையிலும் அவனுக்கு அச்சு கொடுக்கவில்லை. பாதியில் விழுந்து கிடப்பான், எடுத்துப் போடுகிற வேலை யாருக்கு என்றார்கள். அவன் ஊர் ஊராக நடந்து கேட்டுவிட்டுக் கடைசியில் எங்கே போனான் என்று தெரியவில்லை. அவன் பெயர் இப்போது பஞ்சுவுக்கு வந்துவிட்டது.

அடுத்த நாளே மேஸ்திரி, பஞ்சுவின் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா என்று மெஷினிடம் வந்து கேட்டார். இடம் போய்விட்டால் திரும்பக் கிடைக்காது. மெஷின், அவன் வருகிறவரைக்கும் அவன் கல்லையும் நான் அறுக்கிறேன் என்றான். அக்கா நன்றியோடு அவனைப் பார்த்தாள். நான் பார்த்தேன், அந்தப் பார்வையை. பிறகு பலநாள் அது என் கண்ணிலேயே நின்றது.

அப்படியாக, மண் கொடுக்க இரண்டு பேர், அறுக்க ஒரே ஆள். நானும் அக்காவும் மாற்றி மாற்றி உருண்டை போட்டோம். நீலப் பட்டை அவன் கையில் இருந்தாலும் பஞ்சுவின் கணக்கு மஞ்சள் களத்தில் இருந்தது, அவனும் அங்கேயே நின்றான். அந்த நாட்களில் காற்றே இல்லை. அறுத்து வைத்த பச்சைக்கல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. விசில் எதிர்ப்பக்கம் அடிக்கும், அவன் நிமிராமல் அடுத்த உருண்டைக்குக் கையை நீட்டுவான். தண்ணீர் குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும், போனால் நேரம் போகும் என்று குடிப்பதையே விட்டிருந்தான்.

முதல் நாள் மதியம் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. காலை நீட்டிவைத்து அக்கா தேய்த்துவிட்டாள். இரண்டாம் நாள் அடுக்கி வைத்த கல்லுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, வெயில் பித்தம் என்றான். நான் ஒதுங்கப் போன இடத்தில் அவன் ஒதுங்கிவிட்டுப் போன ஈரத்தைப் பார்த்தேன். பால் விடாத டீயை ஊற்றின மாதிரி மண்ணில் கறை. சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டே உருண்டை போட்டேன். வெயிலில் வேலை செய்கிற எங்கள் எல்லோருக்குமே சில நாள் அப்படித்தான் போகும்.

வீட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துகொள்கிறான் என்று அக்கா சொன்னாள். வாயெல்லாம் துருப்பிடித்த ஆணி மாதிரி இருக்கிறதாம். தம்பியை நினைத்து மனசு சரியில்லாமல் இருக்கிறார்போல என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள்.

*

பஞ்சு திரும்பி வந்தான். ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து, கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு வந்து இறங்கினான். தலை வாரியிருந்தான். ஆஸ்பத்திரிச் சோறு அவனுக்கு ஒத்துப்போயிருந்தது.

அவனுக்கு ஒன்றுமே இல்லையாம். ரத்தம் சுத்தம், சிறுநீர் சுத்தம். இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். டாக்டரம்மா தலையைப் பிடித்துக்கொண்டாராம். ஒன்று முதல் சோதனை தப்பாக இருக்க வேண்டும், அல்லது நாலு நாளில் தேறியிருக்க வேண்டும், அவ்வளவு சீக்கிரம் தேறாதே என்று குழம்பினாராம். நாளைக் காலையில் கையில் பிடிக்கிற சின்னக் கருவியோடு வந்து மஞ்சள்காரர்கள் எல்லோரையும் இன்னொரு தடவை பார்க்கப்போகிறாராம்.

அக்கா அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள், பிறகு கட்டிக்கொண்டாள். அன்று அவள் அறையில் முட்டை வேகவைத்தார்கள். என்னையும் கூப்பிட்டாள். மெஷின் சுவரோரம் உட்கார்ந்து, சிரித்த முகமாக, ஒன்றும் தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பஞ்சு ஆஸ்பத்திரிக் கதைகளை அவிழ்த்துவிட்டான். பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை, நர்ஸ் இவனைத் திட்டியது, எல்லாம்.

"அங்கயும் நம்ம கொசுதான்க்கா. வாங்க தம்பின்னு கூப்புட்டு, எதிர்ல உக்காரவெச்சு, டீ வாங்கிக் குடுத்து, ஊர்க்கதை எல்லாம் பேசிட்டு, ரத்தம் எடுக்கறப்ப மட்டும் கையத் திருப்பிப் பட்டையில நம்பரைப் பாக்கறாரு. என்னண்ணே, மூஞ்சி மறந்துபோச்சான்னேன். மூஞ்சிக்கெல்லாம் இங்க கணக்குக் கிடையாது தம்பி, பட்டை என்ன சொல்லுதோ அதுதான் நீங்கன்னாரு."

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அக்கா முட்டை ஓட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"அன்னைக்குக் களத்துல எடுத்தப்பவும் பட்டையத்தான் பாத்தாரா?"

"எப்பவும் அதுதான்."

"அன்னைக்கு உன் கையில என்ன பட்டை இருந்துச்சு?"

பஞ்சு வாயில் இருந்ததை விழுங்கினான். அவன் திரும்பி மாமனைப் பார்த்தான். நானும் பார்த்தேன். மெஷின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அது எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்ட ஆளின் சிரிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

"மாமா, அப்ப அந்த மஞ்சள் ரத்தம் உங்களுது" என்றான் பஞ்சு.

"கத்தாத" என்றான் மெஷின்.

அக்கா கத்தவில்லை. எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டாள். அவன் இடுப்புத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டான். பிறகு, பஞ்சு ஜீப்பில் ஏறுகிறபோது யோசனையாக இருந்தது என்றும், வாந்தி எடுத்தபோது புரிந்தது என்றும் சொன்னான். அதற்கப்புறமும் இரண்டு ஆள் கல்லை அறுத்தாயா என்று அவள் கேட்டாள். அதற்குத்தான் அறுத்தேன் என்றான் அவன். முடியாமல் போவதற்குள் முடிந்ததைச் செய்துவிடலாம் என்று பார்த்தானாம்.

அதன் பிறகு நடந்த பேச்சு நீளமானது. அவன் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: நாளைக்கு யாரும் எதுவும் சொல்லக்கூடாது. நான் இப்போது நீலப் பட்டைக்காரன், என்னைச் சோதிக்க மாட்டார்கள். பருவம் முடியட்டும், நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன். அக்கா பருவம் முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். பஞ்சு காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். தான்தான் பட்டையைக் கொடுத்தேன், தன்னால்தான் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"நீ குடுக்கல மாப்ள, நான் கேட்டு வாங்கினேன்" என்றான் மெஷின். "இங்க பாரு. அச்சு இல்லாத கை எனக்கு எதுக்கு? உங்க அக்கா வேணா சொல்லட்டும், வேற என்ன வேலை தெரியும் எனக்கு? நாளைக்கு ஒருத்தன் கிட்னிக்காரன்னு சொல்லிட்டா, மறுநாள் நான் இங்க யாரு?"

"என் புருஷன்" என்றாள் அக்கா.

"அது ஒரு வேலையா?"

இந்த இடத்தில் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. உரித்த முட்டை தட்டிலேயே கிடந்தது.

*

காலையில் ஜீப் சீக்கிரமே வந்துவிட்டது. டாக்டரம்மாவும் கொசுவும் மஞ்சள் களத்து ஓரத்தில் ஒரு மேசையைப் போட்டார்கள். மெஷின் தன் கல்லை ஆரம்பித்திருந்தான். முதுகைப் பார்த்தால் எப்போதும்போலத்தான் இருந்தது. கிட்டே நின்ற எனக்குத்தான் தெரிந்தது, அந்த மூன்று சத்தமும் தனித்தனியாகக் கேட்டது.

அக்கா உருண்டையை வைத்துவிட்டு நேராக மேசைக்கு நடந்தாள். மண் கையோடு நின்று எல்லாவற்றையும் சொன்னாள். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அச்சை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே வந்தவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தப் பருவத்தில் எடுத்த ரத்தம் எல்லாம் அவர் கண்ணுக்குள் போய் வந்திருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது அது இல்லை. உங்கள் புருஷன் எங்கே என்றுதான் கேட்டார்.

மெஷின் நிமிர்ந்து, நீலப் பட்டைக் கையைத் தூக்கிக் காட்டினான்.

"அவ தம்பிக்காகப் பயந்துபோய் உளர்றா மேடம். நான் நீலம். நல்லா இருக்கேன்."

டாக்டரம்மா களத்துக்குள் இறங்கி, அவன் முன்னால் வந்து நின்றார். வரிசையாக வைத்த பச்சைக்கல்லை மிதிக்காமல் சுற்றி வந்தார், அதை நான் கவனித்தேன்.

"ஒரு சொட்டு போதும். விரல் நுனியில. இங்கயே தெரிஞ்சுடும்."

"வேணாம்னு சொல்லலாம்ல? முதல்லயே வாசிச்சுக் காட்டினீங்களே, எப்ப வேணா வேணாம்னு சொல்லலாம், யாரும் கோச்சுக்க மாட்டோம்னு."

"சொல்லலாம்."

"அப்ப வேணாம்."

டாக்டரம்மாவின் சட்டத்தை வைத்தே அவரைக் கட்டிப் போட்டுவிட்டான். நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் நான் எடுக்க முடியாது, ஆனால் உங்கள் மனைவி சொல்வது உண்மையானால் உங்களுக்கு நாள் அதிகம் இல்லை என்றார். அவன் அடுத்த உருண்டைக்குக் கையை நீட்டினான். மேஸ்திரி வந்து, குடும்பச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறுகிறது என்றார்.

அக்கா திரும்பி வந்தாள். அடங்கிவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். குழைத்துக் குவித்து வைத்திருந்த மண்ணுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கல் அறுக்கிற இடத்தில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். குழைத்த மண் என்பது எங்களுக்குப் பிசைந்து வைத்த சோறு மாதிரி. அவள் சேலையோடு, அந்த ஈரமண்ணின் நடுவில் அழுந்தி, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி."

"மாட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். மண்ணு வேணும்னா என்னைத் தூக்கிப் போட்டுட்டு எடுத்துக்க. தூக்க முடியுதான்னு நானும் பாக்கறேன்."

மெஷின் என்னைப் பார்த்தான். அடுத்த குவியலிலிருந்து மண் கொண்டு வா என்று கண்ணால் சொன்னான். நான் பஞ்சுவைப் பார்த்தேன். பஞ்சு தலையைக் குனிந்துகொண்டான். நான் அசையவில்லை. எதிர்க்களத்தில் விசில் அடித்தது, யாரும் பந்தலுக்குப் போகவில்லை. எல்லோரும் வரப்பில் வந்து நின்றுவிட்டார்கள்.

அவன் அச்சைக் கீழே வைத்தான். தானே மண்குழிக்குப் போனான். மண்வெட்டியால் ஒரு கட்டி வெட்டி, இரண்டு கையாலும் அள்ளி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். அந்த எடையை எங்கள் பெண்கள் பேசிக்கொண்டே தூக்குவார்கள். அவன் தூக்கிவிட்டான். நடக்கவும் நடந்தான். பாதி வழியில் நின்றான்.

விழுவான் என்று பஞ்சு ஓடப் பார்த்தான். அவன் விழவில்லை. நின்றபடியே இருந்தான். மண்ணைக் கீழே போடவும் முடியவில்லை. விரல்கள் எல்லாம் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு, மண்ணுக்குள் கொக்கி போட்ட மாதிரி பூட்டிக்கொண்டன. அவன் வாயைத் திறக்கவில்லை. தாடை மட்டும் துடித்தது. முகத்து மண்ணில் இரண்டு ஈரக்கோடு இறங்கியது. வேர்வை என்றே வைத்துக்கொள்வோம்.

அக்கா எழுந்தாள். சேலையெல்லாம் மண் அப்பிக்கொண்டு வந்தது. அவன் முன்னால் போய் நின்று, ஒவ்வொரு விரலாக மண்ணிலிருந்து பிரித்தாள். மண் இருவர் காலிலும் விழுந்தது. பிரித்த கையை அவள் விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு மேசைக்குக் கூட்டிவந்தாள்.

டாக்டரம்மா கருவியைக் கையில் வைத்துக்கொண்டும் குத்தவில்லை. நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றார். எடுக்கட்டுமா என்று கேட்டார்.

"எடுத்துக்கங்க" என்றான் மெஷின்.

விரல் நுனியில் மண் போகவில்லை. கொசு துணியை நனைத்து நனைத்துத் துடைத்தார். ஒரு சொட்டு. கருவி கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. எண் வந்ததும் டாக்டரம்மா அதை இன்னொரு தடவை பார்த்தார். அவனிடம் சொல்லாமல் அக்காவிடம்தான் சொன்னார். இன்றைக்கே, இப்போதே கிளம்ப வேண்டும். போனது திரும்ப வராது. ஆனால் இன்றைக்கு வந்தால் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அந்த மிச்சத்தைக் காப்பாற்றலாம். கல் அறுப்பு முடிந்தது, வெயில் வேலை எதுவும் இனி இல்லை.

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்போது மஞ்சள் களத்திலிருந்து ஒரு கிழவர் வந்தார். தன் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தார். எனக்கும் பாருங்கள், இது என்னுடையது இல்லை, நானும் மாற்றிக்கொண்டவன்தான் என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தன். பிறகு நீலக்களத்திலிருந்து நாலைந்து பேர். மேசை மேல் நீலமும் மஞ்சளுமாகப் பட்டைகள் சேர்ந்தன. டாக்டரம்மா அவற்றைப் பார்த்தார். எத்தனை மாத உழைப்போ, அவ்வளவும் அங்கே குப்பையாகக் கிடந்தது. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கொசுவிடம் திரும்பி, "இனிமே பட்டையப் பாக்காதீங்க. மூஞ்சியப் பாத்து எழுதுங்க" என்றார்.

கொசு முதல் ஆளின் முகத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார்.

மெஷினை ஜீப்பில் ஏற்றினோம். அவன் உட்காருகிற இடத்தில் டிரைவர் பேப்பர் விரித்தார். பஞ்சு முன்னால் ஏறிக்கொண்டான். அக்கா சேலை மாற்றக்கூட அறைக்குப் போகவில்லை, அந்த மண்ணோடேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவு இன்னும் சாத்தவில்லை. நான் வெளியே நின்றிருந்தேன்.

"எல்லார் முன்னாலயும் என் மானத்த வாங்கிட்ட" என்றான் அவன், அவளைப் பார்க்காமல்.

"ஆமா. மானத்த நான் வெச்சுக்கறேன். உசுர நீ வெச்சுக்க."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அவன் ஜன்னல் வழியாகக் களத்தைப் பார்த்தான். வெயில் நன்றாக ஏறிவிட்டது. குவித்து வைத்த மண்ணில் அவள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது, ஓரமெல்லாம் அதற்குள் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

"குழைச்ச மண்ணெல்லாம் காஞ்சுபோயிரும்" என்றான்.

"காயட்டும்" என்றாள் அக்கா. கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.